டொக்டர் ‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னவர்

போன கிழமை நெடுங்கேணிப் பக்கமிருந்து ஒன்றுவிட்ட அண்ணரின் மகன் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பைல். கதிரையில் இருக்கக்கூட இல்லை, “சித்தப்பா, கையெழுத்து ரிப்போட் வந்திட்டுது, ஆனா அந்தாள் ஒண்டும் சொல்லேல்லை” என்று பைலை நீட்டினான்.

வாசித்தேன். அவர்களுடைய காணி வழக்கில் கையெழுத்துப் பரிசோதகர் எழுதிய அறிக்கை. ஒன்றரைப் பக்கம்தான். அனுப்பிய மாதிரிக் கையொப்பங்கள் போதாது, அவையும் காணி விற்றதாகச் சொல்லும் பத்திரம், அதாவது உறுதி, எழுதிய காலத்துக்கு மிகவும் பிந்தியவை, ஆகவே உறுதியில் உள்ள கையொப்பம் அதே ஆளுடையதா இல்லையா என்று கருத்துச் சொல்ல இயலாது. இவ்வளவும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவனுக்கு முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் தவணை தவணையாக அலைந்த கோபம். “மற்றப் பக்கத்தார் காசு குடுத்திருப்பாங்கள்” என்றான்.

இல்லை தம்பி, காசு வாங்கினவன் இப்படி எழுதமாட்டான், காசு வாங்கினவன் தெளிவாக எழுதுவான் என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனுக்குச் சொல்லி முடிக்காமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்குக் கோட்டில் இருபத்தாறு வருஷம். உரைபெயர்ப்பாளர் வேலை. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கத்தில் கோட்டுக்குள் எங்களை இன்னமும் முதலியார் என்றுதான் கூப்பிடுவார்கள். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு என்று வன்னிக்குள்ளேயே மாறி மாறிச் சுற்றினேன். இங்கே நீதிமன்ற மொழி தமிழ்தான், ஆனால் சாட்சிக்கூண்டில் ஏறும் சட்ட வைத்திய அதிகாரி காலியிலிருந்தோ கண்டியிலிருந்தோ மாற்றலாகி வந்தவராக இருப்பார், அவர் ஆங்கிலத்தில் சொல்லுவார், எதிரிக்கூண்டில் நிற்கும் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அது ஒரு சொல்லும் விளங்காது. நடுவில் நான். ஒருவனுடைய பத்து வருஷம் என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் தொங்கலாம் என்பது வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு உறைக்கவில்லை.

உறைத்த நாளைச் சொல்கிறேன். மாடு வயலுக்குள் இறங்கியதில் தொடங்கிய சண்டை. ஒருவருக்கு முன்கையில் வெட்டு. டொக்டர் காயத்தை விவரித்தார், நீளம் இவ்வளவு, எலும்பு வரை இறங்கியிருக்கிறது, ஓரங்கள் நேராக வெட்டுப்பட்டிருக்கின்றன என்று, நானும் வரிக்கு வரி சொல்லிக்கொண்டு வந்தேன். அரச தரப்புச் சட்டத்தரணி சான்றுப் பொருளாக மேசையில் கிடந்த கத்தியைத் தூக்கிக் காட்டி, இந்தக் காயம் இதனால் வந்திருக்குமா என்று கேட்டார். டொக்டர் கத்தியை வாங்கினார், அலகின் தடிப்பை விரலால் தொட்டுப் பார்த்தார், அவசரப்படவே இல்லை, பிறகு ‘கன்சிஸ்டன்ட் வித்’ என்று தொடங்கி ஒரு வசனம் சொன்னார். நான் தமிழில் சொன்னது இது: “இந்தக் கத்தியால்தான் வெட்டப்பட்டிருக்கிறது.”

நீதிபதி எழுதுவதை நிறுத்திக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். “முதலியார், டொக்டர் அப்படிச் சொல்லவில்லையே.”

காது இரண்டும் எரிந்தது. திருத்திச் சொன்னேன்: இப்படியான ஒரு ஆயுதத்தால் இந்தக் காயம் ஏற்பட்டிருக்கலாம், கத்திக்கும் காயத்துக்கும் முரண்பாடு இல்லை. எதிரியின் சட்டத்தரணி சும்மா இருப்பாரா, உடனே எழும்பி, “டொக்டர், இந்த மாதிரிக் கத்தி வன்னியில் எத்தனை வீட்டில் இருக்கும் என்று தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாது, நிறைய வீட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன்” என்றார் டொக்டர். கோட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கூண்டில் நின்ற பெடியன் மட்டும் சிரிக்கவில்லை, அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ‘தான்’ இரண்டே எழுத்து. அதை நான் என் பாட்டில் சேர்த்திருந்தேன். கெட்ட நோக்கம் ஒன்றும் இல்லை, தமிழில் வசனம் முடிந்தது போல இருக்கட்டுமே என்று வாய் தானாகச் சேர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு நிபுணர் சாட்சி என்றால் நான் காது கொடுத்துக் கேட்பது ‘இருக்கலாம்’ என்ற இடத்தைத்தான். எல்லாருக்கும் அந்த இடம் பிடிக்காது. அரச தரப்புக்கு அது ‘ஆம்’ ஆக வேண்டும், எதிர்த்தரப்புக்கு ‘இல்லை’ ஆக வேண்டும், பத்திரிகைக்காரருக்குத் தலைப்பு வேண்டும், வழக்குக்காரருக்கு ஆறுதல் வேண்டும். நிபுணர் மட்டும், நல்ல நிபுணராக இருந்தால், அந்த அரைகுறை இடத்திலேயே பிடிவாதமாக நிற்பார்.

சட்டமும் அவரை அங்கேதான் நிறுத்தியிருக்கிறது. எங்கள் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கம், இந்தியாவின் 1872 சட்டத்தைப் பார்த்து எழுதியது. சாதாரண சாட்சி கண்டதைச் சொல்லலாம், கேட்டதைச் சொல்லலாம், தன்னுடைய அபிப்பிராயத்தைச் சொல்ல முடியாது. “அவன்தான் செய்திருப்பான் என்று நினைக்கிறேன்” என்று யாராவது தொடங்கினாலே சட்டத்தரணி பாய்ந்து எழும்புவார். 45 ஆம் பிரிவு இதற்கு ஒரு வாசல் திறக்கிறது: வெளிநாட்டுச் சட்டம், விஞ்ஞானம், கலை, கையெழுத்து, விரல் அடையாளம் போன்றவற்றில் விசேட தேர்ச்சி உள்ளவரின் கருத்தையும் கோட் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதை ஏற்பதும் விடுவதும் நீதிபதியின் பாடு. 51 ஆம் பிரிவு அந்தக் கருத்துக்கான காரணங்களையும் சான்றாக உள்ளே விடுகிறது. என்னைக் கேட்டால் 45 ஐ விட அதுதான் முக்கியம், காரணம் சொல்லாத நிபுணரும் குறிசொல்லுகிறவரும் எனக்கு ஒன்றுதான்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், குற்றவியல் வழக்குகளில் டொக்டரின் அறிக்கையையும் அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையையும் அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே சான்றாகப் பாவிக்க நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இடம் கொடுக்கிறது. நேரம் மிச்சம், சரி. ஆனால் கடதாசியிடம் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. காயத்தைச் சாதாரண காயம், கடுங்காயம், உயிருக்கு ஆபத்தானது என்று வகைப்படுத்தி டொக்டர் அறிக்கையில் போடுகிற அந்த ஒரு குறியில் குற்றச்சாட்டே மாறும், பிணை மாறும், தண்டனை மாறும். அந்தக் குறியை ஏன் அங்கே போட்டீர்கள் என்று ஒருவரும் கேட்காமல் முடிந்த வழக்குகள் எத்தனையோ நான் பார்த்திருக்கிறேன். டொக்டரை அழைப்பியுங்கோ என்று கேட்பதற்கு உரிமை இருக்கிறது. கேட்கிற சட்டத்தரணி குறைவு, ஏனென்றால் டொக்டர் மாற்றலாகி எங்கேயோ தெற்கில் இருப்பார், தவணை ஆறு மாதம் தள்ளிப்போகும்.

நிபுணர் என்றால் டிகிரிக்காரர்தான் என்று நினைக்கிற ஆட்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று இருக்கிறது. குளத்தின் பெயர் வேண்டாம். நடுத்தரக் குளம், கீழே இரண்டு பகுதி வயல். யாரோ இரவில் துருசை, அதாவது குளத்து மதகை, திறந்துவிட்டார்கள், அதனால் தங்கள் பயிர் அழுகிவிட்டது என்று ஒரு பகுதியார் நட்டஈட்டு வழக்கு. அவர்கள் தரப்பில் ஒரு பொறியியலாளர் வந்தார், நல்ல மனுஷன், தமிழிலேயே சாட்சி சொன்னார், எனக்கு வேலை இல்லை, சும்மா இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். துருசின் அகலம் இவ்வளவு, நீர்மட்டம் இவ்வளவு, ஆகவே எட்டு மணித்தியாலத்தில் இவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று கணக்கு. கணக்கில் பிழை இல்லை.

மற்றத் தரப்பு வட்டவிதானையைக் கொண்டுவந்தது. வெளியூர் ஆட்களுக்காக: வட்டவிதானை என்பவர் குளத்துத் தண்ணீரை எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு விடுவது என்று பார்ப்பவர். எழுபது தாண்டிய ஆள், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கூண்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கழற்றத் தேவையில்லை என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை.

“நீர் எத்தனையாம் வகுப்பு படிச்சனீர்?” என்று குறுக்கு விசாரணை தொடங்கியது.

“அஞ்சு.”

“நீர்ப்பாசனம் படிச்சனீரோ?”

“படிக்கேல்லை ஐயா. குளம் பாத்தனான், நாப்பத்தொரு வருஷம்.”

பிறகு அவர் சொன்னவை இரண்டு. ஒன்று, அந்தத் துருசுக் கதவு துருப்பிடித்து இறுகிப்போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அரைவாசிக்கு மேல் ஏறுவதில்லை. பொறியியலாளரின் கணக்கு முழுக்கத் திறந்த கதவுக்கான கணக்கு, அவர் கதவைத் தொட்டுப் பார்க்கவில்லை, பழைய வரைபடத்தில் இருந்த அளவை எடுத்திருந்தார். இரண்டாவது, அன்று குளம் வான் பாயவில்லை, அதாவது நிறைந்து வழியவில்லை, அதனால் வான் தண்ணீரும் அந்த வயலுக்குப் போயிருக்காது. வான் பாயவில்லை என்று உமக்கு எப்படித் தெரியும், நீர் அன்றிரவு அங்கே நின்றீரோ என்று கேட்டார்கள். “நான் நிக்கேல்லை ஐயா. வான் பாய்ஞ்சா மீன் ஏறும். மீன் ஏறினா ஊர்ப்பெடியள் கரப்போட விடிய விடிய நிப்பாங்கள். அண்டைக்கு ஒருத்தனும் போகேல்லை.”

நீதிபதி அதை ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். அவர் சொன்னது கண்ட சாட்சியா, நிபுணர் சாட்சியா என்று இரண்டு சட்டத்தரணிமாரும் பிறகு அரை மணித்தியாலம் வாதாடினார்கள். 45 ஆம் பிரிவில் விசேட தேர்ச்சி என்றுதான் இருக்கிறது, பட்டம் என்று இல்லை. பொறியியலாளரும் பெரிய மனது, திரும்ப அழைத்துக் கேட்டபோது, கதவு அரைவாசிதான் திறக்கும் என்றால் என்னுடைய கணக்கும் குறையும் என்று ஒப்புக்கொண்டார். நான் பார்த்த நிபுணர்களில் அவரையும் நல்லவர் வரிசையில்தான் வைத்திருக்கிறேன்.

பழைய சட்டத்தரணிமார் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சதாசிவம் வழக்கைச் சொல்லாமல் விடமாட்டார்கள். கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம், 1951 ஒக்டோபரில் கொழும்பு வீட்டில் அவருடைய மனைவி கொலை செய்யப்பட்டார், அவர்மேல் வழக்கு. எல்லாம் ஒரு கேள்வியில் வந்து நின்றது: அவர் அன்று காலை வீட்டை விட்டுப் போனதற்கு முன்னமா பின்னரா மனைவி இறந்தார்? பிரேதப் பரிசோதனை செய்த பேராசிரியர் டி சேரம் ஒரு பக்கம், எடின்பரோவிலிருந்து வந்து சாட்சி சொன்ன சேர் சிட்னி ஸ்மித் ஒரு பக்கம் என்று இல்லை, அவர்கள் இருவரும் ஒரு பக்கம்தான், அதுதான் எதிரிக்குக் கை கொடுத்தது. கொல்வின் ஆர். டி சில்வா வாதாடி 1953 இல் ஜூரி அவரை விடுதலை செய்தது. எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. இறந்த உடல் எவ்வளவு வேகத்தில் குளிரும் என்பதற்குக் குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருந்த கணக்கு இந்த நாட்டுக்குப் பொருந்தாது. டி சேரம் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் வெப்பநிலையை மணிக்கணக்கில் அளந்து ஒரு கணக்கை உண்டாக்கினார், ஏனென்றால் அவர்கள் இறந்த நிமிஷம் மட்டும்தான் சந்தேகமில்லாமல் தெரியும். கேட்க ஒரு மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் ‘எப்படித் தெரியும்’ என்று கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. சித்திரை வெயிலில் மாங்குளத்துக் காட்டோரம் இரண்டு நாள் கிடந்த உடலைப் பார்த்து மணித்தியாலம் சொல்லச் சொல்லிக் கேட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். டொக்டர் பாவம்.

இனி மன்னார். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இல்லை. 2018 இல் மன்னார் நகரில் அரசாங்கக் கடையான சதொசவுக்குக் கட்டடம் கட்டுவதற்கு நிலம் தோண்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன, தோண்டத் தோண்ட முந்நூறுக்கும் மேல் எலும்புக்கூடுகள். அதிலிருந்து 6 எலும்பு மாதிரிகள், வயதை அறியும் காபன் பரிசோதனைக்கு அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அடுத்த நாள் எல்லாப் பத்திரிகையிலும் மன்னார் புதைகுழி ஐந்நூறு வருஷம் பழையது என்று கொட்டை எழுத்து.

அந்த நாட்களில் வவுனியா பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, கோட்டில் வேலை செய்தவன் என்று தெரிந்து, “அப்ப தம்பி, அங்கை எங்கடை பிள்ளையள் ஒருத்தரும் இல்லையாமோ?” என்று கேட்டார். மடியில் மகனுடைய படம், மட்டை போட்டது, மூலை மடிந்திருந்தது. நான் என்ன சொல்வது.

சொன்னது இதுதான். அந்த ஆய்வுகூடம் பொய் சொன்னது என்று நான் சொல்லமாட்டேன். காபன் பரிசோதனையில் எலும்பு நேற்றையதா முந்தநாளையதா என்று சொல்ல முடியாவிட்டாலும், மிகப் பழையதா எங்கள் காலத்ததா என்று பிரிக்க முடியும். 1950 களிலும் 60 களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கதிரியக்கக் காபன் கூடிப்போய், அதற்குப் பிறகு உயிரோடு இருந்தவர்களின் உடம்பில் அது தெரியும். ஆகவே அந்த 6 எலும்பும் பழையவை என்றால் பழையவைதான். ஆனால் கேட்ட கேள்வி 6 எலும்பின் வயது. வந்த பதிலும் 6 எலும்பின் வயது. அதை முந்நூற்றுச் சொச்சம் பேரின் வயதாக்கியது நிபுணர் இல்லை, இடையில் நின்ற நாங்கள். நான் கத்தி வழக்கில் சேர்த்த அதே ‘தான்’. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார், விளங்கியதோ தெரியாது. ஓமந்தையில் இறங்கினார்.

முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் கதை வேறு மாதிரி நடந்தது. 2023 யூனில் தண்ணீர்க் குழாய் போடத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டி, கடைசியில் 52 பேரின் எச்சங்கள் என்று கணக்கு வந்தது. அங்கே எலும்போடு உடுப்பு இருந்தது, ஆளை அடையாளம் காட்டும் இலக்கத் தகடு இருந்தது. தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ கொடுத்த இடைக்கால அறிக்கை 1994 க்கும் 1996 க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று காலத்தைக் குறுக்கியது. மன்னாரில் ஒரு எண் மட்டும் கடல் தாண்டிப் போய் வந்தது, இங்கே ஒரு ஆள் குழிக்குள் இறங்கிக் குந்தியிருந்து தூரிகையால் மண்ணைத் தட்டிப் பார்த்துச் சொன்னார். எதற்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதைக் கோட்தான் பார்க்க வேண்டும், ஆனால் இரண்டாவது மாதிரி அறிக்கையைக் குறுக்கு விசாரணை செய்வது சுலபம், எந்தத் துணி, எந்த ஆழம், எந்தத் தகடு என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்குகளில் நின்றவர்களுக்கு இன்னொரு வகை நிபுணரைத் தெரியும். சாதாரணமாகப் பொலிசாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் கோட்டில் செல்லாது, 1979 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் மட்டும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஆளிடம் கொடுத்தது செல்லும். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிப்பது எதிரியின் வேலை. அடித்தவர் சாட்சி சொல்ல வரப்போவதில்லை, ஆகவே முதுகில் உள்ள தழும்பும் அதைப் பார்த்த டொக்டரும்தான் சாட்சி. தழும்பு பழசாகப் பழசாக அது எந்த மாதம் வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது, ஆட்களைக் காட்டுவதோ மாதக்கணக்கு, வருஷக்கணக்குப் பிந்தி. நல்லரத்தினம் சிங்கராசா என்பவருக்கு 1995 இல் 50 வருஷச் சிறை விதித்தார்கள், ஒப்புதல் சிங்களத்தில் தட்டச்சு செய்தது, கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். மேன்முறையீட்டில் 35 வருஷமாகக் குறைந்தது. தழும்புகள் மருத்துவ அறிக்கையில் இருந்தும் அது அவரைக் காப்பாற்றவில்லை. 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அவருக்கு நீதியான விசாரணை கிடைக்கவில்லை என்றது. அந்த ஒப்புதலுக்கு உரைபெயர்த்ததும் ஒரு பொலிஸ்காரர்தான். எங்கள் தொழில் என்பதால் அந்த விஷயம் எனக்கு இன்னும் கூடக் குத்தும்.

சரி, அண்ணரின் மகனுக்கு வருவோம்.

அவனுடைய அப்பப்பா 1986 இல் தன் மேட்டுக்காணியை விற்றதாக ஒரு உறுதி. குடும்பம் விற்கவே இல்லை என்கிறது. எங்கள் நாட்டில் காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், 1840 இலிருந்து அதுதான் சட்டம். நொத்தாரிசு காலமாகிவிட்டார். சாட்சிகளில் ஒருவர் செத்துப்போனார், மற்றவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆகவே கையெழுத்து. அப்பப்பாவின் மாதிரிக் கையொப்பம் என்று இவர்கள் தேடிக் கொடுத்தது இரண்டே இரண்டு, இரண்டும் 1997 இல் போட்டவை. 1995 இல் அவருக்குப் பாரிசவாதம் வந்தது, அந்தக் கையொப்பங்கள் கோழி கிளறியது போல இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முந்திய, நல்ல கையால் போட்ட கையொப்பத்தை அதோடு வைத்து ஒருவர் என்ன சொல்லுவார்? ஒருவன் தன் பெயரைப் பத்துத் தரம் எழுதினால் பத்தும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் வரும், அந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்தால்தான் பதினொன்றாவது அதற்குள் அடங்குமா என்று பார்க்கலாம். அதற்கு ஒரே காலத்து மாதிரிகள் வேண்டும், பத்துப் பதினைந்து, போட்டோக் கொப்பி இல்லாமல் மூலப் பிரதி. கள்ளக் கையொப்பம் பெரும்பாலும் எழுதியதாக இருக்காது, கீறியதாக இருக்கும், மெதுவாகப் போகும், நடுவில் பேனை தூக்கிய இடம் தெரியும், அழுத்தம் ஒரே சீராக இருக்கும். இதெல்லாம் போட்டோக் கொப்பியில் செத்துவிடும்.

தெற்கில் இதற்கு ஒரு அலுமாரியைத் திறந்தால் போதும். வன்னியில் யாரிடம் இருக்கிறது 1986 ஆம் ஆண்டுக் கடதாசி? எத்தனை தரம் எழும்பி ஓடினோம். 2008 இலும் 2009 இலும் பிள்ளையைத் தூக்குவதா பெட்டியைத் தூக்குவதா என்று இருந்தது. எங்கள் ஆட்களுடைய கையெழுத்து அறிக்கைகள் பலதும் ‘மாதிரி போதாது’ என்று வருவதற்கு பத்தரமுல்லையில் இருக்கிற பரிசோதகரின் குணமோ இனமோ காரணம் இல்லை, கடதாசி எரிந்துபோனதுதான் காரணம்.

ஆகவே அடுத்த நாள் நானே போன் எடுத்து அவனுக்கு மூன்று விஷயம் சொன்னேன். கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், காணிக் கோவை இருக்கிறதா பார். சங்கக் கடைப் பழைய மனேஜர் உயிரோடு இருக்கிறார், அப்பப்பா கையொப்பம் போடுவதை வருஷக்கணக்கில் பார்த்தவர், 47 ஆம் பிரிவில் அப்படிப் பழக்கப்பட்ட ஆளும் கையெழுத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம், நிபுணராக இருக்கத் தேவையில்லை. மூன்றாவது, அப்பப்பா கோயில் தலைவராக இருந்தாரே, கணக்குக் கொப்பி எங்கே?

கொப்பி கிடைத்தது. நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த நேரத்துத் தனாதிகாரியின் மனைவி, இப்போது ஒட்டுசுட்டானில் மகளோடு இருக்கிறார், சாமிக் கணக்கு என்று அதை உரப் பைக்குள் சுற்றி முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோய், பிறகு மெனிக் பாம் அகதி முகாமிலும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாராம். தன் நகை எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. 1985 தையிலிருந்து 1987 வரை, மாதம் ஒரு கையொப்பம், நீல மை. ஓரமெல்லாம் கறையான். எண்ணிப் பார்த்தோம், முழுசாக மிஞ்சியவை பத்தொன்பது.

நேற்று அவன் அதைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தான். பக்கத்தில் உறுதியின் பிரதி. நான் வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்தேன். கோயில் கணக்கில் பெயரின் முதல் எழுத்துக்குக் கீழே ஒரு சின்னக் கொக்கி, இடப்பக்கம் வளைந்து மேலே ஏறும், பத்தொன்பதில் பதினேழில் இருந்தது. உறுதியைப் பார்த்தேன். அதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. இடப்பக்கம்தான் வளைகிறது.

“என்ன சித்தப்பா, வேறை கைதானே?” என்றான்.

எனக்குத் தெரியாது, நான் அதற்குப் படித்தவன் இல்லை என்றேன். உண்மைதான் அது. பிரதியில் பேனை தூக்கிய இடம் தெரியாது, அழுத்தம் தெரியாது, கொக்கியைப் பார்த்துக் கீறுவதும் பெரிய வித்தை இல்லை. அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எதிரிக்கூண்டில் நின்ற அந்தப் பெடியன் பார்த்த மாதிரி. இந்தப் பதிவை அவன் வாசிப்பான் என்று தெரிந்துதான் கொக்கியையும் எழுதுகிறேன்.

கொப்பியைத் திரும்ப எடுத்தபோது அவன் அதை நடுவால் மடித்துப் பைலுக்குள் தள்ளப் பார்த்தான். பறித்து, இரண்டு காட்போட் மட்டைக்கு நடுவில் வைத்து நூலால் கட்டிக் கொடுத்தேன். பதிவாளரிடம் கொடுக்கும்போது எத்தனை பக்கம், எத்தனை கையொப்பம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கு என்றேன். தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் தாங்கிக்கு மேலே வைத்துப் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த தவணை புரட்டாதியில்.